ரோட்டுக்கு அந்தப் பக்கத்து மாத்திரை

ஜூன் 16, திங்கள்
விடாத மழை. ஆட்டோ வீட்டில். கிரேசி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். காய்ச்சல் 102. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் இப்படிப் படுத்துப் பார்த்ததில்லை.

டாக்டர் சொன்னது: முதலில் வந்தது வைரஸ் காய்ச்சல். நெஞ்சு தளர்ந்த நேரம் பார்த்து பாக்டீரியாவும் நுரையீரலில் ஏறிவிட்டது. ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. சளியைக் கல்ச்சருக்கு அனுப்பியிருக்கிறது. எந்த மருந்து கேட்கும் என்று தெரிய இன்னும் இரண்டு நாள்.

நர்ஸ் கேட்டாள், "வீட்டில ஆன்டிபயாட்டிக் ஏதாவது சாப்பிட்டாங்களா சேட்டா?"

"இல்ல சிஸ்டர். சுக்குக் காப்பி மட்டும்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

வாங்க: பிளாஸ்க், துண்டு, ரொட்டி, சார்ஜர்.

ஜூன் 17, செவ்வாய்
மழை. 103. மூச்சிரைப்பு கூடுதல். ஐ.சி.யூ.வுக்கு மாற்ற வேண்டி வரலாமாம்.

இதை யாரும் பார்க்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். இந்தக் கேரளப் பக்கம் டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் தர மாட்டார்கள். பனச்சமூட்டில் ரோட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே ஒரு கடையில் எனக்குத் தருவார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் பாதிப் பேருக்கு நான்தான் வாங்கிக் கொடுப்பேன். பெரிய டாக்டர் என்ற நினைப்பு. கிரேசிக்கும் அப்படித்தான். தொண்டை வலித்தால் இரண்டு, சளி என்றால் மூன்று, கொஞ்சம் குறைந்ததும் நிறுத்தம். இந்தத் தடவை ஐந்து.

மத்தியானம் டாக்டர் ரூம் வாசலில் நின்றேன். உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். போனில் கிடந்த மாத்திரை அட்டையின் போட்டோவையும் காட்டினேன். ஏசிக் கிழிப்பார் என்று நினைத்தேன். அந்த டாக்டரம்மா மாத்திரைப் பெயரை மட்டும் குறித்துக்கொண்டார்.

"பரவாயில்ல சேட்டா. இப்பமாவது சொன்னீங்களே. அதே மருந்துதான் நாங்களும் ஊசியில குடுக்கோம். கிருமி அதுக்குப் பழகியிருக்கும் போல. இப்பமே மாத்துறேன்."

மாற்றினார்கள். சர்ச்சிலிருந்து போன், பெண்கள் ஐக்கியத்தில் கிரேசிக்காக ஜெபம் வைத்தார்களாம். நன்றி என்றேன்.

ஜூன் 18, புதன்
மழை விட்டது. காலையில் 101, சாயங்காலம் 100. மூன்று தடவை பார்க்கச் சொன்னேன். நர்ஸ் முறைத்தாள்.

கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. நீளப் பட்டியல். டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். R என்றால் அந்த மருந்து கேட்காது, S என்றால் கேட்கும். R, R, R, R. என் மாத்திரையும் R. கீழே மூன்றே S. நேற்று மாற்றின மருந்து அதில் ஒன்று.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். டாக்டருக்கும். லேப்பில் சளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த, முகம் தெரியாத அந்த ஆளுக்கும்.

இரண்டு நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். கேன்டீன் கப்பைக் கிழங்கும் மீன்கறியும். கறி புளிப்பு.

ஜூன் 19, வியாழன்
99. நல்ல வெயில். குழாயை எடுத்தாச்சு. கிரேசிக்குக் கஞ்சியும் பயறும். கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர்கிட்ட மாத்திரைக் காரியம் சொன்னீங்களாமே?"

"சொன்னேன்."

"வந்த அன்னைக்கே எங்கிட்டயும் கேட்டாவ. இல்லேன்னு தலையாட்டிட்டேன்."

"ஏன்ட்டி?"

"உங்கள ஏசுவாவளோன்னாக்கும்."

மூச்சு விட முடியாமல் கிடந்த நேரத்திலும் எனக்காக. கரண்டி சாய்ந்து பாதிக் கஞ்சி போர்வையில். கிண்ணத்தை அவளே வாங்கிக் குடித்தாள்.