புது டெக்கில் பொங்கல்

இஞ்சாருங்கோ,

பொங்கி இறக்கிவிட்டு வந்து எழுதுகிறேன். சால்வையில் இன்னும் செடார் மர வாசம். அடுப்புச் சூடு பட்டதும் புதுப் பலகை அப்படி மணந்தது. ஓம், பின்வாசல் டெக் புதுசு! நீங்கள் கட்டின மரமேடையைப் போன கோடையில் பிடுங்கி எறிந்துவிட்டேன். கோவிக்காதேங்கோ.

இந்தப் பனி நாட்டுக்கு வந்து லாசாலில் இந்த வீட்டை வாங்கிய புதிதில், மண்ணில் முழங்காலளவுக்குக் கிடங்கு கிண்டி டெக்குக்குக் கால் நட்டீர்கள். "இந்த ஆழம் காணுமோ?" என்று கேட்டேன். "ஊரிலை எத்தினை கலியாண வீட்டுக்குப் பந்தல் போட்டனான், எனக்குச் சொல்லித் தாறீரோ?" என்றீர்கள். ஊர் மண் உறையாதே! இங்கே முதல் மாரிக் குளிரிலேயே மண் உறைந்து பொருமி ஒரு பக்கத்துக் கால்களைத் தூக்கிவிட, டெக் மேற்கே சரிந்தது. கோடையில் ஆப்பு வைத்து நிமிர்த்துவீர்கள். மாரி வந்தால் பழையபடிதான்.

அந்தச் சரிவில்தான் ஒவ்வொரு தையிலும் பொங்கினோம். பால் கிழக்கே வழிய வேண்டும் என்று நான் கும்பிட்டுக்கொண்டு நிற்பேன். அது மேற்கேதான் ஊற்றும். என் முகம் கறுத்துவிடும். நீங்களோ அரிசியை அள்ளிப் போட்டபடி, "பால் பொங்கினதே, பேந்தென்ன? மேற்கிலையும் ஆக்கள் இருக்கினம்" என்று சிரிப்பீர்கள். நீங்கள் கண்ணை மூடின வருசமும் மேற்கேதான் வழிந்தது. அதற்குப் பிறகு அந்த டெக்கைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

மகள், "டெக்கே வேண்டாம் அம்மா, கல்லுப் பதிச்சு விடுவம்" என்றாள். "மரம்தான். அதே இடத்திலைதான்" என்று ஒற்றைக் காலில் நின்றேன். கிடங்கு ஒவ்வொன்றும் உறைபனி எட்டாதபடி என் நெஞ்சளவு ஆழம் இருக்கிறதா என்று நானே தடி விட்டுப் பார்த்தேன். தச்சர் பாவம், "வுய், மதாம்" என்று பிரெஞ்சில் ஆமோதித்து ஒவ்வொரு முறையும் சிரித்தபடி தள்ளி நின்றார். பிறகுதான் கொங்கிரீட் ஊற்ற விட்டேன்.

இன்று விடிய மண் கல்லாக உறைந்து கிடந்தது. சரிந்திருந்தால் வைக்கலாம் என்று உங்களுடைய பழைய ஆப்பு ஒன்றைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தேன். அதை மட்டும் எறிய மனம் வரவில்லை. பால் நுரைத்து விளிம்புக்கு வந்தது. அடுத்த கணம் கிழக்கே, மேற்கே, நாலு பக்கமும் வழிந்து ஊற்றியது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நீங்கள் போடுகிற மாதிரியே கையில் அள்ளின அரிசியைப் பானைக்கு மேல் மூன்று தரம் சுற்றி, நானே போட்டேன்.

ஆப்பு இன்னும் கோட்டுப் பைக்குள்தான் இருக்கிறது, எடுக்க வேண்டி வரவில்லை. உங்கடை மேற்குப் பக்கத்து ஆக்களுக்கும் பங்கு போயிட்டுதப்பா, சந்தோசமோ?