இன்ஜின் அறையில் காலியிடம்

மார்ச் 4

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நாம் இருவரும் வாரம் ஒருவராக விளையாடிவரும் விண்வெளிக் கணினி ஆட்டத்தில், உங்கள் வாரத்தில் நேர்ந்த குறைபாடுகள்:

1. பிப்ரவரி 24: மூன்றாம் நிலவின் நிலையத்தில் நம் விண்கலத்தின் மெக்கானிக் அம்மாளை இறக்கிவிட்டீர்கள். துணைவர்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் இருவரின் எழுத்துச் சம்மதத்துடன் மட்டுமே என்பது நாம் கையொப்பமிட்ட இரண்டாம் விதி.

2. பிப்ரவரி 25: நம்மை இருமுறை காட்டிக்கொடுத்த பைலட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டீர்கள். அவன் நகைச்சுவையாகப் பேசுகிறான் என்பது தகுதியாகாது.

3. பிப்ரவரி 27: மெக்கானிக் இல்லாமல் எரிகல் கூட்டத்துக்குள் நுழைந்து இடது இறக்கையை இழந்தீர்கள்.

4. மார்ச் 1: கலம் என் கைக்கு வந்த ஞாயிறு காலையில் அந்த அம்மாளிடமிருந்து, "நல்லாத்தான் இருக்கேன்" என்று செய்தி வருகிறது. நிலையத்தில் இருந்தது ஆறு மணி நேரத்துக்கான ஆக்சிஜன். ஐந்து நாட்களாக எதைச் சுவாசித்தார்? கதை எழுதியவர்களுக்குக் கணக்கு வராமல் போகலாம். உங்களுக்கு வருமே?

இருபத்தாறு ஆண்டுகளாக லிப்டுகளை ஆய்வு செய்கிறேன். வடம் தேய்ந்திருந்தால் லிப்டை நிறுத்துவேன். பழுது பார்ப்பவரை நடுமாடியில் இறக்கிவிட்டு லிப்டை மேலே அனுப்பியதில்லை.

உங்கள் அக்கா நலம். ஏதோ மருத்துவமனை, ஏதோ இருபதாம் தேதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அப்போது உங்கள் பயணக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9 மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் விளக்கம் தேவை.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவர்


மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

உங்க நோட்டீஸ் கிடைச்சுது. பல் பிடுங்கிக்க வந்தவரை நாற்காலியில சாய்ச்சு வெச்சுட்டு, கையில குறடோட நின்னு படிச்சு சிரிச்சுட்டேன். மனுஷன் பயந்துபோய் எழுந்து போயிட்டாரு. அவர் இன்னும் திரும்பி வரலை. அதுக்கு நீங்கதான் பொறுப்பு.

விதியை மீறினது தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தம்மாவை நான் இறக்கிவிடலை அத்தான், அவங்களே கேட்டாங்க. அந்த நிலையத்துக்கு ஆக்சிஜன் தர்ற பாசித் தொட்டியைக் கட்டினதே அவங்கதான். "ஒரு மணி நேரம் குடுத்தா அதை மறுபடியும் மூச்சு விட வெச்சுடுவேன். அங்க எனக்கு வேலை இருக்கு, என்னை விட்டுடு"ன்னாங்க. உங்க ஆக்சிஜன் கணக்குக்கு விடை அதுதான்.

இது உங்களுக்கு ஏன் தெரியலைன்னு யோசிச்சுப் பேச்சுப் பதிவேட்டைத் திறந்து பாத்தேன். அந்தம்மா ஏழு தடவை பேச வந்திருக்காங்க. ஏழும் உங்க வாரங்கள்ல. ஏழு தடவையும் பட்டனை அமுக்கித் தள்ளிவிட்டுட்டீங்க. எட்டாவது தடவை என் வாரத்துல வந்துச்சு, நான் கேட்டேன். அவ்வளவுதான்.

இன்னொண்ணு. எங்க ஊர் மருத்துவமனையில ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமைப் பொறுப்பு, ரெண்டு வருஷம், அக்காவைக் கூப்பிடுறாங்க. இருபதாம் தேதிக்குள்ள பதில் சொல்லணும். உங்ககிட்ட மூணு தடவை சொல்லியாச்சாம். நான் இதுல எதுவும் சொல்லலை. பதிவேட்டை மட்டும் பாருங்க.

பைலட்டைத் திட்டாதீங்க, பாவம்.

அன்புடன்,
உங்க பல் டாக்டர்


மார்ச் 10

மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் பதில் இன்றுதான், ஒரு நாள் தாமதமாக, வந்தது. அதை ஐந்தாம் குறையாகச் சேர்த்துக்கொள்ளவும். பேச்சைத் தள்ளிவிடும் பட்டனைக் கொடுத்ததே ஆட்டத்தை உருவாக்கியவர்கள்தாம். கலம் ஓட்டுபவனுக்குக் கதை கேட்க நேரமில்லை. உங்கள் அக்காவுக்கு வாய் இருக்கிறது. அவளுக்கு வக்கீல் வேண்டியதில்லை.

ஞாயிறு கலம் என் கைக்கு வந்ததும் பதிவேட்டைச் சரிபார்ப்பேன்.

இப்படிக்கு,
லிப்ட் ஆய்வாளர்


மார்ச் 16

மச்சானுக்கு,

நேற்று மதியம் ஏழு உரையாடல்களையும் வரிசையாக ஓடவிட்டேன். மொத்தம் நாற்பத்தொரு நிமிடங்கள். துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் அக்கா, மூன்றாவது உரையாடலின்போது அருகில் வந்து உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் என் கட்டைவிரல் பட்டனை நோக்கி நகர்ந்தது.

"அமுக்காதீங்க. அந்தம்மா இன்னும் முடிக்கலை," என்றாள்.

ஏழும் முடிந்த பிறகு, மருத்துவமனை விஷயம் என்ன என்று கேட்டேன்.

"மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் சரின்னீங்க. அதுல எந்தச் சரியை நான் எடுத்துக்கிறது?"

"மறுபடி சொல்லு."

"நடுவுல எதையும் கையில எடுக்கக் கூடாது."

கைகளை மடிமீது வைத்துக்கொண்டேன். பதினெட்டு நிமிடங்கள் பேசினாள். எந்தெந்தக் கருவிகள் பழையவை, எத்தனை பேரைப் புதிதாகப் பழக்க வேண்டும், யார் யார் சண்டை போடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு இப்போதே தெரிந்திருக்கிறது. இடையில் எனக்கு நான்கு ஆட்சேபங்கள் தோன்றின. மூன்றுக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள். நான்காவது, இந்த வீட்டில் நான் தனியாக என்ன செய்வேன் என்பது. அதை நான் சொல்லவில்லை. அவள் கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. மடித்த துணிகளை எந்தெந்த அலமாரியில் வைப்பது என்று எனக்குக் காட்ட ஆரம்பித்தாள்.

இன்று காலை சம்மதக் கடிதம் போய்விட்டது. ஏப்ரல் முதல் தேதி அவள் பொறுப்பேற்கிறாள்.

பாசித் தொட்டி விளக்கம் ஏற்கத்தக்கது. நான்காம் குறையை நீக்குகிறேன். மற்றவை அப்படியே இருக்கின்றன. மெக்கானிக் அம்மாளை இறக்கிவிடலாமா என்று கேட்டிருந்தால் நான் வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பேன். என்றாலும் கேட்டிருக்க வேண்டும். பைலட்டையும் உங்களையும் நான் மன்னிக்கவில்லை.

அவள் உங்கள் வீட்டில் தங்கும் காலத்தில் அவளுக்குக் கதவுள்ள அறையும், ஜன்னலோர மேசையும் வேண்டும். அவள் பேசும்போது நீங்கள் குறுக்கிடக் கூடாது. வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர் நீங்கள். இதில் உங்களுக்கும் நல்ல பெயர் இல்லையென்று அவளே சொன்னாள்.

கடைசியாக ஒன்று. இன்ஜின் அறைக்கு வேறு எவரையும் நியமிக்கக் கூடாது. அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். ஆட்டத்தின் கதையை நீங்கள் எனக்குத் தெரியாமல் தனியாக விளையாடி முன்பே முடித்துவிட்டீர்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம். அதை இப்போது விசாரிக்கப் போவதில்லை. மெக்கானிக் அம்மாள் கலத்துக்குத் திரும்பி வருகிறாரா இல்லையா என்பதை மட்டும், மார்ச் 19 மாலை ஐந்து மணிக்குள், எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
அத்தான்