அண்ணனின் நெஞ்சு எழுதிய கோடு

என் ஆசை அண்ணா,

எத்தனை கடிதம் போட்டாலும் பதில் போடாத ஆள் நீ. இப்போதாவது கல்லறைக்குள் இருக்கிறேன் என்று உனக்கு நல்ல சாக்கு இருக்கிறது.

எண்பதுகளில் அந்தத் தவக்காலம் நினைவிருக்கிறதா? திண்டிவனம் மாதா கோயிலில் முழங்காலிலிருந்து எழுந்தவன் அப்படியே சாய்ந்தாய். "ஒருசந்தி இருக்கறான், வெறும் வயிறு" என்று அம்மா சோடா வாங்க ஓடினாள். ஈஸ்டர் அன்று இரண்டு தட்டு பிரியாணியை முடித்துவிட்டும் விழுந்தாய். அப்போதுதான் குற்றம் வயிற்றில் இல்லை என்று நமக்கு உறைத்தது.

விழுப்புரத்துக்கு பஸ்ஸில் உன்னை அழைத்துப் போனேன். டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார். உன் காதில் கேட்கும் குரல்களை அடக்கக் கொடுத்த மாத்திரையே இதயத் துடிப்பைக் குலைக்கிறது என்றார்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சா?"

"ரெண்டு மாசமா அடிச்சுக்குதுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏண்ணா வாயத் தொறக்கல?"

"சொன்னா மாத்திரய நிறுத்திடுவீங்க. அவனுங்க மறுபடி பேச ஆரம்பிச்சுடுவானுங்க. அதுக்கு இந்த நெஞ்சு நின்னாலும் பரவால்ல."

டாக்டர் உன் துடிப்பு கோடாக ஓடிய அந்த நீளத் தாளை உன்னிடம் நீட்டினார். நீ கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனாய்.

"லூர்து, இங்க பாரு. மண்டைக்குள்ள எவன் எவனோ கத்திக்கினு இருந்தான். இது ஒரு வார்த்த பேசாம, நான் தூங்கறப்பகூட வேல செஞ்சிக்கினு இருந்துருக்கு."

சொல்லிவிட்டு அழுதாய். பீடத்துக்கு முன்னால்கூட எனக்கு அப்படி ஒரு பயபக்தி வந்ததில்லை.

மாத்திரையை மாற்றினார்கள். குரல்கள் அவ்வப்போது எட்டிப் பார்த்தன. ஆனால் நீ அதற்குப் பிறகு விழவில்லை. கல்யாணம் செய்தாய், ஸ்டெல்லாவைப் பெற்றாய், தலை நரைத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாய். மனதுக்கென்று விழுங்கியது நெஞ்சைப் போய்த் தொடுகிறதே, இரண்டையும் எந்த நூலால் கட்டி வைத்தான் ஆண்டவன்? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். உன் ஸ்டெல்லாவுக்கும் இப்போது குரல்கள் கேட்கின்றன. போன வாரம் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரை எழுதுவதற்கு முன்னாலேயே ஈ.சி.ஜி. எடுத்துவிட்டார்கள்.

"அப்பாவுக்கும் இப்படித்தானா, அத்த?"

எல்லாவற்றையும் சொன்னேன், நீ இரண்டு மாதம் ஒளித்ததையும். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நானும் ஒளிச்சிருப்பேன்" என்றாள்.

நீ எதைச் சொன்னாலும் திட்டித் திட்டி உன்னை நாங்கள்தான் பயமுறுத்தி வைத்திருந்தோம், அண்ணா. அது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அவளுக்கு நெஞ்சு படபடத்தால் முதலில் என்னிடம் சொல்லும்படி நான் நடந்துகொள்வேன். இது சத்தியம்.

உன்னைத் திட்டியே வளர்ந்த தங்கச்சி,
லூர்துமேரி