அப்பாவின் வட்ட ஜன்னலும் அம்மாவின் மூன்று மணி வெயிலும்

என் பிரியமுள்ள அப்பா,

நீங்கள் கர்த்தரிடம் போன பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வலது பக்கம் அசைவில்லை, பேச்சும் இல்லை. மாடிக்கு ஏற்ற முடியாததால் ஹாலில்தான் கட்டில், உங்கள் வட்ட ஜன்னலை ஒட்டி. தள்ளிப் போடலாமென்றால் ஒரு பக்கம் மாடிப்படி, மறுபக்கம் குளியலறைக் கதவு.

மேற்கே பார்த்த ஜன்னல் அல்லவா? மூன்று மணியானால் வெயில் அம்மாவின் முகத்தில் விழுகிறது. ஒரு நாள் போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டேன். அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இருட்டு பிடிக்காமல் அழுதாளா, கூசிய கண் வடிந்ததா? மூடவா என்றாலும் தலையை ஆட்டுகிறாள், திறக்கவா என்றாலும் ஆட்டுகிறாள். பயமாக இருக்கிறது அப்பா. அம்மாவுக்கு வேண்டாததையெல்லாம் அம்மாவுக்காகச் செய்துகொண்டிருக்கிறேனோ?

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் விசாரித்தேன். வட்ட ஜன்னலுக்கு வட்டமாகவே மடிப்புத் திரை செய்து தருவார்களாம். டேப்பை மேலிருந்து கீழாக ஒரே ஒரு தடவை பிடித்து அளந்து கொடுத்தேன். வட்டம்தானே, எங்கே அளந்தால் என்ன? திரை வந்தது. மேலும் கீழும் சரியாக இருந்தது, இரண்டு பக்கமும் மூன்று விரல் இடைவெளி. அதன் வழியே வந்த வெயில், வேறு இடமே கிடைக்காததுபோல அம்மாவின் கண்ணிலேயே வந்து நின்றது.

அழாத குறையாக, வீட்டைக் கட்டிய நம் கொத்தனார் செல்லப்பன் மாமாவைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஒங்க அப்பா சொல்லல்லியா மக்கா? வட்டத்துக்கு அச்சு கிட்டல்ல. சபை அசன விருந்துக்குச் சோறு பொங்குத அண்டாவக் கவுத்து வச்சு, அதச் சுத்திதான் காங்கிரீட்டு வார்த்தோம். அதுக்க வாய் நசுங்குனதுல்லா.”

காம்பஸ் பிடித்த வட்டம், மஸ்கட்டில் பார்த்த மாதிரி என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டீர்களே அப்பா! சபைப் பாத்திரங்கள் உங்கள் பொறுப்பில் இருந்ததால், அண்டாவை யாருக்கும் தெரியாமல் திரும்ப வைத்துவிட்டீர்களாமே. எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு. அம்மாவுக்கு முன்பே தெரியுமா?

மறுபடியும் கடைக்குப் போனேன். வட்டத்துக்குள் எதையும் பொருத்தவேண்டாம், ஜன்னலைவிட அகலமான ரோலர் பிளைண்டைச் சுவரில் மாட்டிவிடலாம் என்றார் கடைக்காரர். அப்போது ஓட்டை எப்படிக் கோணியிருந்தாலும் கவலையில்லை. இறக்கவும் ஏற்றவும் இழுக்கிற சங்கிலி எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டார். எல்லாரும் வலது பக்கம்தான் கேட்பார்களாம். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன்.

வலது பக்கம் வைத்தால் சங்கிலி அம்மாவின் காலருகே தொங்கும். இடது பக்கம் வைத்தால் தலைமாட்டில், அவளுடைய நல்ல கைக்கு எட்டும். இத்தனை நாளும் எந்தத் திரை, எந்த அளவு என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேனே, யார் இழுப்பது என்று ஒரு தடவையாவது யோசித்தேனா?

நேற்று மாட்டினார்கள். மூன்று மணிக்குச் சங்கிலியை அம்மாவின் இடது கையில் கொடுத்தேன். வெகுநேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். இதுவும் தப்பாகப் போயிற்றோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாக இழுத்தாள். திரை பாதி இறங்கியது. முகத்தில் நிழல் விழுந்தது, கையின் மேல் மட்டும் வெயில். மிச்சத்தையும் இறக்கிவிடலாம் என்று நான் சங்கிலியைப் பிடித்தேன். அவள் விடவில்லை.

“மதி மக்கா” என்றாள். குழறலாகத்தான், ஆனாலும் புரிந்தது.

மூன்று மாதத்தில் அம்மா பேசிய முதல் பேச்சு, ‘மதி’, போதும் என்று என்னை நிறுத்தியதுதான். இனி அந்தச் சங்கிலியை நான் தொடமாட்டேன் அப்பா. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
ஜெபா