அம்மாவுக்கு நீங்கள் என்ன உறவு

போன வாரம் நம் இட்லிக் கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். என்னைவிட மூத்தவள். சடை பிடித்த தலை, கண்ணுக்குத் தெரியாத யாரோடோ ஓயாத சண்டை. ஏதோ ஒரு லாரி இறக்கிவிட்டுப் போனதாம். இட்லியை நீட்டினேன், தொடவில்லை. ஒரு விள்ளல் பிய்த்து நான் தின்ற பிறகுதான் கை நீட்டினாள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

நீங்களும் அப்படித்தானே. சோற்றில் விஷம் இருக்கிறது என்று காதுக்குள் யாரோ சொல்லும் நாட்களில் அம்மா முதலில் ஒரு வாய் தின்று காட்ட வேண்டும். "நான் இன்னா செத்தா பூட்டேன்? சாப்புடுங்க" என்பாள். உங்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

பெயர் கேட்டால் பேசமாட்டீர்கள். ஊர் கேட்டால் எழுந்து போய்விடுவீர்கள். என்ன சாதி என்று யாருக்கும் தெரியாததால் உளுந்தூர்பேட்டையில் எல்லா வீட்டுச் சோறும் உங்களுக்குக் கிடைத்தது. சோறு போட்டாயிற்று என்று ஊரே நிம்மதியாக இருந்தது. இதற்கும் வைத்தியர் உண்டு, மாத்திரை உண்டு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் கோபம் வருகிறது, அம்மா மேலும்தான்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தபோது சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். நீங்கள் அடியில் படுத்துக் கிடக்கும் மரமும் விழுந்தது. எல்லாரும் கோஷம் போட, நீங்கள் விழுந்த கிளைகளுக்குள் புகுந்து வழக்கம்போல் உட்கார்ந்துகொண்டீர்கள். போலீஸ் வந்து கூட்டத்தோடு உங்களையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தது. சாயங்காலம் திருநாவலூர், ரிஷிவந்தியம் என்று ஊர் ஊராகப் பெரியவர்கள் வந்து, "இவங்க நம்ம ஆளுங்க" என்று சொல்லி அவரவர் ஆட்களை அழைத்துப் போனார்கள். தூணோரம் நீங்கள் மட்டும் மிஞ்சினீர்கள்.

விஷயம் தெரிந்ததும் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்ற போலீஸ்காரர் கேட்டார்: "இவரு உனக்கு இன்னா ஒறவு?"

"ஒறவு இல்லீங்க. நம்ம கடையில சாப்புடுறவரு."

"ஒறவுக்காரங்கள வரச் சொல்லு."

அம்மாவுக்குப் பொய் வராது. கும்பிட்டாள், அழுதாள், திரும்பிவிட்டாள். மறுநாள் இட்லி கட்டிக்கொண்டு போனோம். உங்களைத் திருச்சி போகும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே உங்களுக்கு யார் தின்று காட்டியிருப்பார்கள்?

படுக்கையில் விழுந்த பிறகும் அம்மா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க அண்ணன்னு ஒரு வார்த்த சொல்லி இட்டாந்திருக்கலாம். வாய் வரலடி எனக்கு."

கடை வாசலில் வந்து நின்ற அந்தப் பெண்ணைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவர் நிமிராமலே, "இன்னா ஒறவு?" என்றார். "எங்க அக்கா" என்றேன். வாய் கூசவில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதை மட்டும் நான் முதலில் தின்று காட்ட முடியாது என்பதால் தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்று அம்மா அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால், நான் உங்களைக் கூப்பிட ஒரு உறவுமுறை இருந்திருக்கும். எங்கே இருக்கிறீர்கள், இருக்கிறீர்களா என்றே தெரியாது. இருந்தாலும் அப்படியே கூப்பிடுகிறேன். அம்மாவை மன்னித்துவிடுங்கள், மாமா.