பதினெட்டு அடிப் பலகை

ஆகஸ்ட் 3, திங்கள்

விடியலிலிருந்தே சோளகக் காற்று. எங்கள் ஊர் தில்லையடியின் மண் முழுக்க வீட்டுக்குள். வீல்செயாரின் சக்கரம் துடைத்தே இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்று முடிந்தது.

இந்தக் கிழமை தையல்: த்ரீவீலர் ஹூட் இரண்டு. உப்பளத்தில் உப்பு மூடுகிற படங்கு ஒன்று, நடுவில் பெரிய கிழிசல். சீட் கவர் (கறுப்பு ரெக்சின், சிவப்பு ஓரம்). நூல் முடியப் போகிறது.

மகள் சஃப்னாவின் நிக்காஹ் 16ஆம் திகதி, ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசலில். மாப்பிள்ளை அஸ்மிர், ஊர் மதுரங்குளி. ஃப்ரிட்ஜ் திருத்துகிறவர். அதிகம் கதைக்கமாட்டார். நல்லது.

ஜவாஹிர் நானா வந்தார். என் கூடப் பிறந்த மூத்தவர், லொறி ஓட்டுகிறவர். (இனி ஜ.நா. என்றுதான் எழுதுவேன்.) தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். கடைசி மிடறில்தான் விஷயம் வந்தது.

"பள்ளித் தலைவர் ஹாஜியாரோட கதச்சன்டா. வலீ நீதான், அதுல மாத்தமில்ல. ஆனா நீ உள்ளுக்கு வாறது கரச்சல்தானே. எனக்கு வகாலத் தந்திரு. ஒன்ட பேருல நான் முடிச்சுக் குடுக்கிறன்."

வலீ என்றால் பெண்ணின் பொறுப்பாளி: மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "என் மகளை உங்களுக்கு மணமுடித்துத் தந்தேன்" என்று சொல்ல வேண்டியவன் நான். தகப்பன் உயிரோடு, அதுவும் இரண்டு தெரு தள்ளி இருக்கும்போது, பெரிய வாப்பா சொல்வதா?

"ஏன், நான் மௌத்தாகிட்டனா?"

"கோவப்படாத. அது வேணாமெண்டா நாங்க நாலு பேர் தூக்கிட்டுப் போறம்."

"தூக்கவும் வேணாம்."

"அப்ப பறந்தா வரப்போறாய்?"

அவர் போன பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

காலையில் மனைவி ஹலீமா வைத்த ஆட்டுக்கால் சூப். நன்றாக இருந்தது.

தூக்குவது பற்றி எழுதிவிடுகிறேன், ஒருதரம். மூன்று வருடத்துக்கு முந்திய நோன்புப் பெருநாள். பள்ளிப் படியில் ஏற்ற நாலு பேர் என்னைத் தூக்கினார்கள். தூக்கினால் நன்மை என்று இன்னும் நாலு பேர் கை வைத்தார்கள். சாரம் இடுப்பில் நிற்கவில்லை. மூத்திரப் பையின் வார் கழன்று, பை மூன்றாம் படியில் விழுந்து உடைந்தது. புதுச் சட்டை போட்ட பிள்ளைகளெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மௌலவி தானே வாளியில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினார். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு பள்ளிப் பக்கம் போகவில்லை.

இப்போது பை இல்லை. நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நானே குழாய் போட்டு எடுத்துவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் சொல்லித் தந்தது, ஒரே காலையில். இத்தனை வருடம் ஏன் ஒருவரும் சொல்லித் தரவில்லை? தையல் மெஷினின் மிதியை முழங்கைக்குக் கீழே பூட்டிக்கொண்டேன், அதுவும் நானே. அரை மணிக்கு ஒருமுறை போன் அதிரும். இரண்டு கையையும் ஊன்றி உடம்பைக் கிளப்பி இருபது எண்ண வேண்டும், இல்லாவிட்டால் புண். பதினொரு வருடமாக ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை என்னை நானே தூக்குகிறவன். நன்மை தேடுகிறவர்களுக்கு என் உடம்புதானா கிடைத்தது?

மௌலவிக்குக் கோல் எடுத்தேன். நேரே கேட்டேன்.

"சக்கரம் துப்புரவா இருந்தா உள்ளுக்கு வரலாம், நானா. மார்க்கத்துல தட இல்ல. விரிப்பு பழுதாகும் எண்டு நிர்வாகம் பாக்குது, அவ்வளவுதான். ஆனா மூணு படி இரிக்கே."

ஆக இரண்டு வேலை. சக்கரம். படி.

ஆகஸ்ட் 6, வியாழன்

சக்கரத்துக்கு உறை தைத்தேன், ரெக்சினில். யோசனை: ரோட்டில் போட்டுக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் கழற்றுவது. எல்லாரும் செருப்புக் கழற்றுகிற மாதிரி. இரண்டு மணித்தியால வேலை. ஓரம் மடித்து இரட்டைத் தையல். வடிவாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் இறங்கினேன். மண்ணில் ரெக்சின் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. கோழிக்கடை வரைக்கும்கூடப் போகவில்லை. கடைக்காரன் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தான்.

ஹலீமா வாசலில் நின்று சிரித்தாள். "கால்மேஸ் போடுறது சப்பாத்துக்கு மேலயா? ரோட்டுல வெறுஞ்சக்கரத்தோட போங்க. உள்ளுக்குப் போகக்குள்ள உறையப் போடுங்க."

சரிதான். எனக்கு முதலே தோன்றியிருக்க வேண்டும். அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

பின்னேரம் திரும்பத் தைத்தேன், இந்தமுறை துணியில், நீளப் பட்டியாக. ஒரு நுனியைச் சக்கரத்தில் ஒட்டி, ஒரு சுற்று முன்னுக்கு உருட்டினால் பட்டி தானே சுற்றிக்கொள்கிறது. இருந்த இடத்தில் இருந்தே போடலாம். முன் சின்னச் சக்கரத்துக்குச் சின்னப் பட்டி. நாலும் போட ஐந்து நிமிடம். ஒருவரும் தொட வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 8, சனி

விழுந்தேன்.

முறையாக எழுதுகிறேன். உப்பளத்தில் லொறிக்கு மூட்டை ஏற்றும் பலகை இருக்கிறது, ஒன்பது அடி நீளம். பதினாறு வருடம் அதில் ஏறியவன், தலையில் ஐம்பது கிலோ உப்போடு. நித்திரையிலும் ஏறுவேன் என்று நினைப்பு. பழைய பழக்கத்தில் இரண்டு பலகை கேட்டு வாங்கி, ஹூட் தைக்க வந்த த்ரீவீலரில் கட்டி, மதிய ளுஹர் தொழுகை முடிந்து ஆளில்லாத நேரம் பள்ளிப் படியில் வைத்தேன். ஒரு சக்கரத்துக்கு ஒரு பலகை. த்ரீவீலர்காரன் போய்விட்டான். போகச் சொன்னது நான்.

பாதி ஏறினேன். பிறகு முன் சக்கரம் கிளம்பியது. வானம் தெரிந்தது. பின்மண்டை முற்றத்தில்.

பாங்கு சொல்கிற மோதினார் ஓடி வந்தார். "தூக்கவா, நானா?"

"வேணாம். செயார மட்டும் புடிச்சுக்கொள்ளுங்க."

முதற்படியில் உடம்பைக் கிளப்பி வைத்தேன். பிறகு இரண்டாம் படி. அங்கிருந்து செயாருக்கு. முழங்கை இரண்டும் தோலில்லை. மோதினார் செயாரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல மனுசன்.

அது காலுக்குச் செய்த பலகை. கால் எந்தச் சரிவிலும் விரலை ஊன்றும். சக்கரத்துக்கு விரல் இல்லை. பதினாறு வருட அனுபவமாம். மடையன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மண்டையில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். ஹலீமா நேற்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. ஐஸ் மட்டும் தருகிறாள்.

ஜ.நா. வந்தார். மோதினார் சொல்லிவிட்டாராம்.

"போதும்டா இந்த வீம்பு. கலியாணத்தண்டைக்கு விழுந்து கிடந்தா ஆருக்கு வெக்கம்?"

"எனக்குத்தான்."

"ஒன்னத் தூக்குறது எனக்குப் பாரமில்லடா."

அந்தச் சொல்லில்தான் கோபம் கிளம்பிவிட்டது. பதினொரு வருடம் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். "நீங்க எடுத்த லொறி அரை அடி முன்னுக்குப் போச்சு, நான் விழுந்தன். நான் மூட்டைக்கு மேல நிண்டது உங்களுக்குத் தெரியாது. அத நான் எண்டைக்கோ விட்டுட்டன். நீங்கதான் விடல்ல. என்னத் தூக்கித் தூக்கி அதக் கழிக்க வேணாம், நானா. எனக்கு ஏலாது."

கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார். பாதித் தேத்தண்ணி அப்படியே.

சொன்னது பிழையா? இல்லை. ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக வளர்ந்தவர்கள். லொறிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பார், எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

படங்கு பாதி தைத்தாயிற்று.

சஃப்னா பக்கத்தில் வந்து இருந்தாள். "வாப்பா, நிக்காஹ்வ வீட்டுலயே வைப்பமே. ஆருக்கும் கரச்சல் இல்ல."

எனக்காகச் சொல்கிறாள், பிள்ளை. வீட்டில் வைத்தால் எல்லாருக்கும் லேசு. ஹாஜியாருக்கு எல்லாரையும்விட லேசு. பிறகு ஜும்ஆவையும் வீட்டிலேயே வை என்பார்கள். மௌத்தானால் ஜனாஸாவுக்கு மட்டும் பள்ளிக்குக் கொண்டு போவார்கள், அப்போதும் தூக்கித்தான்.

"ஒன்ட நிக்காஹ் பள்ளியிலதான். நான் ஏறித்தான் வருவன்."

"அப்ப திரும்ப விழாதீங்க" என்றாள். என் மகள்தான்.

கணக்கு: படி மூன்று, உயரம் 21 அங்குலம். ஒன்பது அடி போதாது. இரட்டிப்பு, பதினெட்டு அடி. நாலு பலகை வேண்டும், நடுவில் முட்டு. இருப்பது இரண்டு.

அஸருக்குப் பிறகு வாசலில் லொறிச் சத்தம். ஜ.நா. இறங்கினார், உள்ளே வரவில்லை. இரண்டு பலகையை மதிலில் சாய்த்து வைத்தார். நாலு வெறும் உப்புச் சாக்கும். "மண் நிரப்பி நடுவுல முட்டுக் குடுக்கலாம்" என்று மதிலைப் பார்த்துச் சொன்னார். போய்விட்டார். எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்பது இப்படித்தான்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

காற்று குறைவு.

பலகை நாலும் பள்ளி முற்றத்தில், பதினெட்டு அடி. சக்கரம் விலகாமல் ஓரத்தில் சட்டம் அடித்தாயிற்று. ஜ.நா. ஆணி அடித்தார். நான் சொன்ன இடத்தில் அடித்தார், அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏறினேன். ஒருதரம், இரண்டுதரம், ஆறுதரம். விழவில்லை.

ஹாஜியார் மேல் விறாந்தையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். அவருக்கு முழங்கால் வருத்தம். ஒவ்வொரு படிக்கும் யா அல்லாஹ் சொல்லித்தான் ஏறுவார்.

"பலகை முத்தத்த அடச்சிக்கொண்டு கிடக்கு" என்றார். பிறகு, "சரி. ஒரு நாளைக்கு மட்டும்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் அந்த ஒரு நாளும் போய்விடும்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மஃரிப் தொழுகைக்கு முந்தி எழுதுகிறேன். வெளியே பிள்ளைகள் வட்டிலப்பத்துக்குச் சண்டை.

வாசலுக்குப் போனதும் பதினைந்து கை என் மேல். பின்னால் ஒருவர் கைப்பிடியை, இரண்டு பேர் சக்கரத்தை. எல்லாரும் நல்லவர்கள். "கைய எடுங்க" என்றேன். எடுக்கவில்லை. "கைய எடுங்க எண்டு சொன்னன்." எடுத்தார்கள். ஒருவர் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

ஏறினேன். மேலே நின்று பட்டியை ஒட்டி, உருட்டி, நாலு சக்கரத்துக்கும் போட்டேன். ஐந்து நிமிடம் முழுப் பள்ளியும் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் படியை நான் பார்க்கவில்லை. பிறகு உள்ளே. விரிப்பின் மேல். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த ஊதுபத்தி வாசம்.

குத்பாப் பிரசங்கத்தின் நடுவில் போன் அதிர்ந்தது. கையை ஊன்றி உடம்பைக் கிளப்பினேன். விழுகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் பாய்ந்து பிடிக்க வந்தார்கள். இருபது எண்ணி முடித்துத்தான் இறங்கினேன்.

பிறகுதான் பார்த்தேன். மாப்பிள்ளை அஸ்மிர் விரிப்பில் சம்மணம் கட்டி இருக்கிறார். அவருக்கு எதிரே வெறும் இடம், வலீக்கு. பதின்மூன்று நாள் சக்கரம், படி, பலகை, ஆணி என்று திரிந்தேன். கை பிடிக்கக் கீழே இருக்க வேண்டும் என்பதை மறந்தே போனேன். குனிந்து பார்த்தேன். எட்டவில்லை. இன்னும் குனிந்தால் முகம் குப்புற விழுவேன்.

பின்னால் ஆட்கள் எழும்பும் சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். முன் வரிசையில் ஜ.நா.வும் எழும்பினார். அவ்வளவுதான், கடைசியில் தூக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அவர் என் பக்கம் வரவில்லை. விறாந்தைக்குப் போனார். ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் நாலு காலையும் தன் சட்டைப் பையிலிருந்த லேஞ்சியால் துடைத்து, எனக்கு எதிரே வைத்தார்.

"மாப்பிள்ள, எழும்பி இதுல இரிங்க."

அஸ்மிர் உடனே எழும்பி இருந்தார். முழங்காலுக்கு முழங்கால். கை பிடித்தேன். அவர் கை வேர்த்திருந்தது, என் கையில் மெஷின் எண்ணெய் வாசம். மௌலவி சொல்லித்தர, சொன்னேன். என் மகளை உங்களுக்கு மணமுடித்துத் தந்தேன். என் வாயால், என் குரலில்.

ஜ.நா. தூணுக்குப் பின்னால் நின்று அதே லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். கதிரைக் கால் துடைத்த லேஞ்சி.

ஆகஸ்ட் 17, திங்கள்

திரும்பவும் சோளகம். கை இரண்டும் தூக்க முடியாத நோவு. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஹலீமா சஃப்னாவின் அலுமாரியைத் திறந்து திறந்து மூடுகிறாள்.

தைக்க வேண்டியது: மற்றப் பாதிப் படங்கு. ஹூட் 1.

ஹாஜியார் மோதினாரை அனுப்பியிருந்தார். ஒரு நாள் முடிந்துவிட்டது, இன்றைக்கே பலகையை எடுக்கச் சொல்லி.

சொல்லி அனுப்பினேன்: எடுக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வருவேன். அதோடு, நேற்று எல்லாரும் போன பிறகு அவர் படியை விட்டுப் பலகையால் இறங்கிப் போனதை, யா அல்லாஹ் ஒன்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனதை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றும்.