கிணற்றடியில் நின்ற ஜாதிக்காய் மரம்

பிப்ரவரி 4

காலைப் பாராயணம் பாதியில் நின்றுவிட்டது. சன்னலுக்கு வெளியே தம்பியின் மனைவி கைபேசியில் தன் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தாள். "கிணத்தடியில ஒண்ணு, பக்கத்து ரூம்ல ஒண்ணு. ரெண்டும் காய்க்கப் போறதில்ல. தண்ணி மட்டும் நாம ஊத்தணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

கிணற்றடியில் நிற்பது ஜாதிக்காய் மரம். பக்கத்து அறையில் இருப்பவள் நான். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்யுளும் அணியும் கற்பித்தேன். எழுபத்தொன்றாம் வயதில் எனக்கு உவமை கற்பிக்க வீட்டுக்குள்ளேயே ஓர் ஆசிரியை.

பிப்ரவரி 7

ஏலச் செடிகள் அழுகல் நோயில் போயின. மிளகுக் கொடிகள் சென்ற மழைக்குப் பின் கருகின. எஞ்சியவை சரிவில் நிற்கும் பதினெட்டு ஜாதிக்காய் மரங்கள். தம்பி வீட்டு அடுப்பு அவற்றால்தான் எரிகிறது. இந்தக் கணவாய்க்கு இப்பால் வேறு எவரிடமும் ஜாதிக்காய் இல்லை.

பதினோராண்டுகள் அப்பாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் நான். தோட்டம் எழுதப்பட்டது தம்பிக்கு. நகரத்துத் துணிக்கடையில் நின்றவன், பத்திரம் கைக்கு வந்தபின் திரும்பினான். எனக்கு இந்த ஓர் அறையும் ஒரு சன்னலும். குறை சொல்லவில்லை. குறித்து வைக்கிறேன், அவ்வளவே.

பிப்ரவரி 9

தம்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். காய் உலர்த்தக் கிணற்றடியில் கொட்டகை போட வேண்டுமாம்.

"அக்கா, அந்தக் காய்க்காத மரத்த எடுத்துடலாமா? நீதான் அப்பாகூடவே இருந்த. சொல்லு."

அப்பா என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். பதினெட்டும் பெண் மரங்கள். கிணற்றடியில் நிற்பது ஆண். அதன் பூவிலிருந்து சிறு வண்டுகள் மகரந்தம் கொண்டு போனால்தான் மற்றவை காய்க்கும்.

"உன் தோட்டம். உன் விருப்பம்" என்றேன்.

பிப்ரவரி 10

பொய் சொன்னேனா? இல்லை. கேட்டதற்கு விடை சொன்னேன். தோட்டம் அவனுடையதுதானே? மறைநூலில் பொய்க்குத் தண்டனை உண்டு. மௌனத்துக்குப் புகழ்தான் உண்டு. மூன்று முறை புரட்டிப் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 12

வெட்டிவிட்டார்கள்.

மரம் வெட்ட வந்தவர் கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டுத் தயங்கினார். "நல்லா பூத்து நிக்குதேம்மா, பாவமா இருக்கு" என்றார். கொத்துக் கொத்தாய், வெளிர் மஞ்சளில், கவிழ்த்த சிறு மணிகள்போல் பூ. மலைப்பூக்களை அடுக்கியடுக்கிப் பாடிய பழம்புலவர் எவரும், நான் கற்ற வரையில், இந்தப் பூவைப் பாடவில்லை.

"பூத்து என்ன பண்றது?" என்றாள் தம்பி மனைவி.

நான் சன்னலைச் சாத்திக்கொண்டேன். சாய்ந்த ஓசை மட்டும் கேட்டது.

ஜூலை 20

இவ்வாண்டு நல்ல விளைச்சல். மரம் சாயும் முன்பே பிடித்த காய்கள் அவை. அவர்களுக்கு அது தெரியாது. புதுக் கொட்டகையில் தம்பி மனைவி காயின் தோலைப் பிளந்து, கொட்டையைச் சுற்றிய செந்நிற ஜாதிபத்திரியைப் பிய்யாமல் உரித்து நிழலில் பரப்பியிருக்கிறாள். "பாத்தீங்களா அண்ணி, இடம் இருந்தா எவ்ளோ சௌகரியம்!"

பார்த்தேன்.

அக்டோபர் 3

இன்று தம்பி மனைவி ஒரு பிடி ஜாதிபத்திரியைத் துணியில் முடிந்து கொண்டுவந்து தந்தாள். "உங்க பொட்டிக்குள்ள போட்டு வைங்க அண்ணி, பொஸ்தகம் பூச்சி அரிக்காது." ஏன் தந்தாள்? நல்லவளாக இருக்க இப்போதுதான் நேரம் கிடைத்ததா?

மார்ச் 15

மரங்கள் பூத்திருக்கின்றன. காலையில் சரிவுவரை நடந்தேன். காலடியெங்கும் உதிர்ந்த பூ. ஒரு கிளையிலும் பிஞ்சு இல்லை.

ஏப்ரல் 28

தம்பி எரு வைத்தான். மருந்தடித்தான். யாரோ சொன்னார்கள் என்று வேரைச் சுற்றிக் குழி தோண்டி மீன்கழிவு புதைத்தான். மாலையில் சேறு படிந்த கையோடு என் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, நீ கொஞ்சம் வேண்டிக்கோயேன். நீ கேட்டா கடவுள் தட்டமாட்டாரு."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் "அன்னிக்கு ஏன் சொல்லல?" என்பான். அதற்கு நான் கற்ற எந்த நூலில் விடை இருக்கிறது?

வேண்டிக்கொண்டேன். எதை வேண்டினேன் என்று எழுத மாட்டேன்.

ஜூன் 11

வேளாண் அலுவலர் வந்தார். மரம் மரமாகப் பார்த்தார். என் சன்னலுக்கு நேரே நின்றுதான் பேசினார்கள்.

"பதினெட்டும் பொம்பள மரம். ஆம்பள மரம் எங்க?"

தம்பி சிரித்தான். "மரத்துலயும் உண்டா சார்?"

"உண்டே. பூத்துத் தள்ளும், ஒரு காய் காய்க்காது. அப்படி ஒண்ணு இருந்திருக்கணுமே?"

தம்பி கொட்டகையைப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எழாமலேயே சொன்னான்: "அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் வெட்டினேன் சார். பாவம், அதுக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா விட்டிருக்குமா? பொய்யே சொல்லாத ஜென்மம்."

ஐயோ, திட்டியிருக்கலாமேடா. என்னைத் திட்டியிருக்கலாமே.

ஜூன் 14

தம்பியின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். போகவில்லை.

"மரம் சாஞ்ச அன்னிக்கு நீங்க சன்னல சாத்தினீங்க அண்ணி. தெரியாதவங்களா இருந்தா நின்னு வேடிக்கை பாத்திருப்பாங்க."

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஃபோன்ல பேசினது உங்க காதுல விழுந்திருக்கும். பேசின அப்புறம்தான் சன்னல் தொறந்திருக்குன்னு பாத்தேன். அதுலேந்து உங்க மூஞ்ச பாக்கவே எனக்குக் கூச்சம். நான் பேசினது தப்பு." நிறுத்தினாள். "நீங்க பேசாதது?"

கோப்பையைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

"அவருகிட்ட சொல்லமாட்டேன். தோட்டம் போச்சு. அக்கா ஒருத்தியாவது நல்லவன்னு அவரு நெனச்சுக்கிட்டுப் போகட்டும்."

தேநீர் ஆறிவிட்டது. அவளை வெறுக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 2

தம்பி மீண்டும் துணிக்கடைக்கே போகிறானாம். ஐம்பத்தெட்டு வயதில், நாள் முழுதும் நின்றபடி.

ஆகஸ்ட் 9

அரசு நாற்றுப் பண்ணையில் ஆண் மரத்து ஒட்டுச்செடி இல்லை. விதைக் கன்றுகள் ஆறு கிடைத்தன. எது ஆண், எது பெண் என்பது பூத்தால்தான் தெரியும். அதற்கு ஆறேழு வருடம். கொட்டகையைப் பிரித்துவிட்டு, அந்த இடத்திலேயே குழி எடுத்திருந்தார்கள்.

பயணப்பை தோளில் தொங்க, தம்பி என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போனான். "உன் கையால நடு அக்கா. சாமி கும்பிடுற கை. பொழச்சுக்கும்."

மண்டியிட்டேன். ஆறையும் நட்டேன். "எது ஆம்பளன்னு உனக்கே தெரியல, எனக்கு எங்க தெரியப்போகுது!" என்று சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. குடத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஊத்துங்க அண்ணி."

பத்து மணிப் பேருந்தில் தம்பி போய்விட்டான்.

ஆகஸ்ட் 10

பாராயணம் இல்லை. விடியும்போது கதவைத் திறந்தேன். நிறைகுடம் என் வாசற்படியில் வைக்கப்பட்டிருந்தது.